கேமராவின் கீழே வீட்டுப்பாடம்

என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. போன தடவை லீவில் வந்தவர், திரும்பிப் போகும்முன் ஹாலில் ஒரு கேமராவை மாட்டினார். குடவாசல் பக்கம், ஆம்பிளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் இது இப்போது சகஜம். திருட்டுப் பயம் என்பார்கள். எங்கள் வீட்டில் மாட்டியது இரண்டாவது படிக்கும் மகளுக்காக. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது, அப்போதுதான் வீட்டுப்பாடம் பழக்கமாகும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கேமரா அவர் குரலில் பேச ஆரம்பிக்கும். உட்காரு, முதுகை நிமிர்த்து, பென்சிலைக் கடிக்காதே. தண்ணீர் குடிக்கக்கூட அவள் அண்ணாந்து பார்த்து அனுமதி கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றது பிள்ளையா பொம்மையா என்று போனில் சண்டை போட்டேன். கையெழுத்து எவ்வளவு அழகாகிவிட்டது பார் என்றார். அது உண்மைதான். ஆனாலும் ஏழு வயதுப் பிள்ளை அசையாமல் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

அறுவடை முடிந்து, சாப்பாட்டு நெல் மூட்டைகளை அடுப்படியில்தான் அடுக்கியிருந்தோம். நெல் வந்தால் எலியும் கூடவே வந்துவிடும். மூட்டைக்குப் பின்னால் எதையோ கொறிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நெல்லைத்தான் கொறிக்கிறது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அவள் எழுத உட்கார்ந்த நேரம், த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டதாகப் பக்கத்து வயல்காரர் போன் செய்தார். அப்போது விட்டால் மறுபடி எப்போது வருமோ. நாற்றங்கால் காய்ந்து கிடந்தது. வீட்டுக்காரர்தான் மேலேயிருந்து கேமராவில் பார்க்கிறாரே என்று வயலுக்கு மோட்டார் போட ஓடினேன்.

திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. மகள் ஒரு கையால் சட்டையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். அப்படியே அள்ளித் தூக்கினேன்.

மேலேயிருந்து குரல் வந்தது. "ஏன் அவளை எழுப்புற? இன்னும் ரெண்டு வரிதான பாக்கி."

அவளைத் தெருவில் இறக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் சிலிண்டரை மூடினேன், கொல்லைக் கதவைத் திறந்தேன். ஒரு ஸ்விட்சையும் தொடவில்லை. மூட்டைக்குப் பின்னால் கேஸ் டியூபை எலி கடித்து வைத்திருந்தது.

ஏன்டி வெளியே ஓடி வரவில்லை என்று அவளை உலுக்கினேன்.

"நாத்தம் அடிக்குதுன்னு சொன்னேம்மா. எழுதாம இருக்கச் சாக்கு சொல்லாதன்னு அப்பா சொன்னாங்க."

அன்று ராத்திரி அதைச் சொன்னதும் அவர் போனில் விம்மி அழுதார். கேமராவைக் கழற்றச் சொன்னதும் அவர்தான். அன்றிலிருந்து அவள் எழுத உட்காரும் போதெல்லாம் ஒன்றையே சொல்கிறேன்: நாற்றம் வந்தால், பயம் வந்தால், எழுதுவதைப் போட்டுவிட்டு ஓடி வா, யாரும் திட்ட மாட்டோம். சரிம்மா என்பாள்.

மனது கேட்கவில்லை. நேற்று வேண்டுமென்றே குழம்பை அடிப்பிடிக்க விட்டேன். புகை ஹால் வரை போனது. கதவோரம் நின்று பார்த்தேன். அவள் சட்டையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, அடுத்த வரியை எழுத ஆரம்பித்தாள்.