மட்கார்டில் நின்றுபோன கோடு

1. காலை ஒன்பது மணிக்குக் கறுப்பு அம்பாசிடர் எங்கள் ஷெட்டுக்குள் வந்தது.
2. பத்து மணிக்குள் அதன் கூரையை முகம் பார்க்கும்படி பாலிஷ் போட்டுவிட்டேன்.
3. பதினொரு மணிக்கு அதன் முன்பக்க மட்கார்டு, வந்தபோது இருந்ததைவிட மோசமாக இருந்தது.
4. அதை டிரைவர் மூன்று முறை சொன்னார்.
5. மூன்றாவது முறை மாமாவின் காதில் விழுந்தது.

கார் கழுவிப் பாலிஷ் போடும் அந்த ஷெட் மாமாவுடையது, விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் இருந்தது. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்திருந்த நான் ஆறு மாதமாக அங்கே வரும் கார்களின் சாவிகளில் டோக்கன் கட்டிக்கொண்டிருந்தேன். டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் என்ற புது மெஷினைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க மாமாவைச் சம்மதிக்கவைத்ததும் நான்தான். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. இந்தக் கார் நன்றாக வந்தால் மெஷினும் நானும் ஷெட்டில் இருக்கலாம். வராவிட்டால் மெஷின் கோயம்புத்தூருக்கு, நான் டோக்கன் மேசைக்கு.

கார் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளியுடையது. மாலையில் அவர் மகளின் கல்யாண வரவேற்பு. நான்கு மணிக்குக் கார் கிளம்பியாக வேண்டும். முதலாளி வீட்டிலிருந்து டிரைவரின் செல்போனுக்கு அரை மணிக்கு ஒரு மிஸ்டு கால் வந்துகொண்டிருந்தது.

பழைய பாலிஷ் மெஷின் ஒரே இடத்தில் சுற்றும். கறுப்புக் காரில் வட்டவட்டமாகக் கீறல் விட்டுவிடும். புதியது தரைச்சக்கரம் மாதிரி. தானும் சுற்றும், சுற்றிக்கொண்டே நகர்ந்தும் ஆடும். அதனால் வட்டம் விழாது. கூரையில் அப்படித்தான் நடந்தது. மட்கார்டில் மெஷின் உறுமியது, என் கை மரத்தது, பாலிஷ் மட்டும் வெள்ளையாகக் காய்ந்து அப்பிக்கொண்டது. இன்னும் அழுத்தினேன். இன்னும் அப்பியது.

காரணங்களைத் தாளில் எழுதினேன். கரண்டில் வோல்டேஜ் குறைவு. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பாலிஷ் பழைய சரக்கு. டிரைவரின் கண். என் கை அந்தப் பட்டியலில் இல்லை.

ஷெட்டில் கார் கழுவும் அக்கா இதையெல்லாம் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களிடம் வருவதற்கு முன் பல வருஷம் தாயில்பட்டியில் பட்டாசுக்கு மருந்து அடைத்தவர்.

"பாப்பா, மேல தேய்க்கையில அந்தக் கோடு ஓடிக்கிட்டே இருந்துச்சு. இங்கன நீங்க அமுக்குறப்ப நின்னு போகுது" என்றார்.

பாலிஷ் தேய்க்கும் பஞ்சுப் பேட்டை மாட்டும் தட்டின் ஓரத்தில் ஒரு கோடு போடச் சொல்லி மெஷினோடு வந்த புத்தகத்தில் இருந்தது. கோடு சுற்றினால் பேட் சுற்றுகிறது, நின்றால் வெறுமனே அதிர்கிறது என்று அர்த்தம். நான் மார்க்கரில் அழகாகப் போட்டிருந்தேன். போட்ட பிறகு பார்க்கவில்லை. மட்கார்டின் வளைவில் பேட்டின் ஒரு ஓரம் மட்டும்தான் பட்டிருக்கிறது. அங்கே போய் நான் முழு பலத்தையும் வைத்திருக்கிறேன்.

"கார் களுவுறவுக இஞ்சினியருக்குப் பாடம் எடுக்காக" என்றார் டிரைவர்.

"பாடம் இல்ல அண்ணாச்சி. கண்ணு தெரியுது."

மெதுவாகப் பிடித்துப் பார்த்தேன். கோடு ஓடியது. வளைவு வந்ததும் கை தானாக அழுத்தியது, கோடு நின்றது. நான்காவது முறையும் நின்றதும் மெஷினை அக்காவிடம் நீட்டினேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். ஷெட்டின் இரும்புத் தூணை உள்ளங்கையால் ஒரு தொடு தொட்டார். பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு அறைக்குள் போகும்போதும் வாசலில் உள்ள தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். டிரைவருக்கும் அது தெரியும்.

"இங்கன என்ன மருந்தா கெடக்கு?" என்று சிரித்தார்.

"கை கேக்க மாட்டேங்குது அண்ணாச்சி" என்றபடியே அக்கா மெஷினை வாங்கிக்கொண்டார்.

உரசாதே, அழுத்தாதே, கீழே போடாதே என்று வருஷக்கணக்கில் பழகிய கை அது. மருந்துத் தட்டைத் தூக்குவதுபோல் மெஷினை ஏந்தி, மட்கார்டில் சும்மா உட்காரவைத்தார். வளைவு திரும்பிய பக்கமெல்லாம் மணிக்கட்டும் திரும்பியது. கோடு ஓடிக்கொண்டே இருந்தது. அப்பியிருந்த வெள்ளை போய், உள்ளே கறுப்பு எழுந்து வந்தது. முதல் ஐந்து நிமிடம் நான் யோசனை சொன்னேன். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் வயரைத் தூக்கிப் பிடிக்கும் வேலைக்கு மாறினேன்.

மூன்றரைக்கு மாமா வந்தார். மட்கார்டு அவர் முகத்தைப் பூசணிக்காய் அகலத்துக்கு இழுத்துக் காட்டியது. அதில் பார்த்தே மீசையை ஒதுக்கிக்கொண்டு, யார் போட்டது என்று கேட்டார். டோக்கன் மேசை என் கண் முன்னால் வந்து போனது.

"கூரை நான் மாமா. வளைவெல்லாம் அக்கா."

மாமா இன்னொரு தடவை மீசையைப் பார்த்தார்.

"அப்பச் சரி. ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளு."

மெஷின் இன்றும் ஷெட்டில்தான் இருக்கிறது. கூரை, டிக்கி மூடி, கதவின் தட்டையான பகுதி எனக்கு. மட்கார்டும் மற்ற வளைவுகளும் அக்காவுக்கு. டோக்கன்களை இப்போது மாமாவே கட்டுகிறார். சனிக்கிழமைகளில் ஒரு பழைய மட்கார்டை வைத்துப் பழகுகிறேன். பத்துக்கு மூன்று முறை கோடு நின்றுவிடுகிறது.