எஸ்தரின் ஆம்ப்ளிஃபயர்

போன ஞாயிறு காலை, என் ஆம்ப்ளிஃபயர் டாக்ஸி ஏறிப் போய்விட்டது.

பின்சீட்டில், பழைய பெட்ஷீட் சுற்றி... பாதி சிகாமணியின் மடியில், பாதி அவர் மனைவி எஸ்தரின் மடியில். டாக்ஸி எங்கள் செம்பூர் தெருமுனையில் திரும்பி மறையும்வரை நானும் என் மனைவி லலிதாவும் கேட்டருகே நின்றோம்.

"டிவி பேச் தியா க்யா, சாப்?" என்றார் வாட்ச்மேன்.

டிவி இல்லை. விற்கவும் இல்லை. பிறகு என்ன செய்தேன்? கொடுத்தேனா, திருப்பிக் கொடுத்தேனா? அன்றிலிருந்து சரியான வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். அதைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு பீற்றிக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்கு — அது ஒரு ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபயர். பாட்டை வாங்கி, பலம் ஏற்றி, இரண்டு ஸ்பீக்கருக்கு அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. கறுப்புத் தகரப் பெட்டி. முன்பக்கம் ஒரு ஸ்விட்ச், ஒரு சிவப்பு விளக்கு. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். அழகு என்று சொல்ல எதுவும் கிடையாது.

அது செய்யப்பட்ட நாட்டில், கையில் காசில்லாத காலேஜ் பையன்கள் வாங்குகிற மலிவுச் சரக்காம். இருக்கலாம். ஆனால் மாட்டுங்காவில் ஒரு அறையை மூன்று பேரோடு பங்கு போட்டுக்கொண்டிருந்த கிளார்க்குக்கு?

ஸ்டேஷனிலிருந்து அறைக்குப் போகும் வழியில் ஒரு ரேடியோ கடை. கண்ணாடிக்குப் பின்னால் இதே ரகப் பெட்டி ஒன்று இருந்தது. ஆபீஸ் விட்டு வரும்போதெல்லாம் கடை வாசலில் நிற்பேன். முதலாளிக்குத் தெரியும், நான் வாங்குகிற ஆள் இல்லை என்று. ஒருநாளும் விரட்டியதில்லை. மழை பெய்தால் மட்டும் உள்ளே வந்து நிற்கச் சொல்வார்.

பிறகு கல்யாணம், வீட்டு லோன், பிள்ளைகளின் படிப்பு. அந்தக் கடை மொபைல் கடையானது. ஆசை மட்டும் அப்படியே இருந்தது. பல ஆசைகள் நிறைவேறித் தீரும், சில அலுத்துப்போய்த் தீரும். இது இரண்டு வகையிலும் சேராமல் உள்ளே ஓரமாக உட்கார்ந்திருந்தது.

ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள் ஆன்லைன் விளம்பரத்தில் அதே பெட்டி! இடம்: தாராவி.

அப்படித்தான் ஞானசிகாமணி அறிமுகமானார். சுருக்கமாகச் சிகாமணி. தோல் பை தைக்கும் யூனிட்டில் சூப்பர்வைசர். அப்பா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவர்கள் இருந்த சால், அதாவது ஒற்றை அறை வீடுகள் கொண்ட பழைய கட்டடம், ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறது. புது பில்டிங் எழும்பும்வரை டிரான்சிட் கேம்பில் ஒரு சின்ன அறை.

"கட்டில் போட்டா கதவு தெறக்காது அண்ணாச்சி. இதை எங்கன வைக்க?" என்றார். மகளுக்கு அந்த வருஷம்தான் காலேஜ். அதையும் ஒரு வரியில் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பேரம் பேசவில்லை. பெட்டியை அவரே என் டாக்ஸியில் கொண்டுவந்து வைத்தார். வைத்த பிறகும் மேல்மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தார்.

வீட்டில் கனெக்‌ஷன் கொடுத்து ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தமே இல்லை. போச்சு, ஏமாந்தோம் என்று நினைப்பதற்குள், உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சின்ன ஓசை. அவ்வளவுதான்... ஹாலில் பாட்டு.

அந்த 'டக்'குக்கு முன்னால் வரும் மௌனம் இருக்கிறதே, அதற்காகவே தினமும் ஆன் செய்தேன்.

மே மாதம் பெட்டியின் மேல் கை வைக்க முடியாது, அப்படிச் சூடு. சில நாள் வலது ஸ்பீக்கர் மட்டும் ஊமையாகிவிடும். முதல் தடவை ஊமையானபோது சிகாமணிக்கு போன் போட்டேன். அடுத்த ஞாயிறே வந்துவிட்டார். ஸ்க்ரூடிரைவர் கொண்டுவருவார் என்று பார்த்தால் வெறுங்கை. பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு குத்து! பாட்டு வந்தது.

"இதான் ரிப்பேரா?" என்றாள் லலிதா.

"எங்க வீட்ல இதான் மதினி பழக்கம்" என்றார்.

பிறகு மெக்கானிக் ஒருவரைப் பிடித்து, உள்ளே ஒரு ரிலேயை மாற்றிச் சரிசெய்தேன். ஆனாலும் சிகாமணி வருவது நிற்கவில்லை. "இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் அவருக்கு என்ன சோலி? நாங்கள் கேட்டதில்லை. சாயா குடிப்பார், இரண்டு பாட்டு கேட்பார், போய்விடுவார்.

ஒரு டிசம்பரில் எஸ்தரையும் அழைத்துவந்தார். கையில் கிறிஸ்துமஸ் கேக்.

எஸ்தர் ஹாலுக்குள் வந்ததும் நேராகப் பெட்டியைத்தான் பார்த்தார். கிட்டே போய், முந்தானையால் அதன் விளிம்பை ஒரு தடவை துடைத்தார். தூசி எதுவும் இருக்கவில்லை. பிறகு என்னிடம் திரும்பி இப்படிச் சொன்னார்:

"ரொம்ப நன்றி அண்ணாச்சி. எடம் இல்லாத எங்களுக்காக எங்க பொருளை எடுத்துப் பத்திரமா வச்சிருக்கியளே... இந்தக் காலத்துல யாரு செய்வா? பில்டிங் வந்த அன்னைக்கே எடுத்துக்கிடுதோம். ரொம்ப நாள் தொந்தரவு குடுக்க மாட்டோம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. சிகாமணியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

விளங்கிவிட்டது. மனைவியிடம் 'விற்றுவிட்டேன்' என்று சொல்லவில்லை மனுஷன். 'கொடுத்து வைத்திருக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறார்.

என்ன செய்வீர்கள் என் இடத்தில் இருந்தால்? காசு கொடுத்து வாங்கியவன் நான். ரேடியோ கடை வாசலில் வருஷக்கணக்காக நின்றவன் நான். என் வீட்டு ஹாலில் வைத்தே, 'இது எங்களுடையது' என்கிறார் ஒருவர். ஒரு வாக்கியம் சொன்னால் போதும்... அந்த வாக்கியத்துக்காக வாயைத் திறந்தும்விட்டேன்.

லலிதா முந்திக்கொண்டாள். "இதுல என்ன தொந்தரவு எஸ்தர்? உட்காருங்க. பாட்டு போடச் சொல்றேன்."

போட்டேன். பழைய இந்திப் பாட்டு ஒன்று. எஸ்தர் சோபாவில் உட்காரவில்லை. கீழே, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தப் பெட்டியிலதான் மதினி நான் இந்தி படிச்சேன்" என்றார். கல்யாணமாகி தாராவிக்கு வந்தபோது ஒரு வார்த்தை தெரியாதாம். புருஷன் யூனிட்டுக்குப் போன பிறகு பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டு கேட்பாராம். பாட்டில் வரும் வார்த்தைகளை வைத்துத்தான் கடைகண்ணிக்குப் போனது. "எடை கொறச்சுப் போட்ட வெங்காயக்காரனைப் பாத்து 'பேவஃபா'ன்னு கத்திட்டேன். அவன் பயந்து அரைக் கிலோ கூடப் போட்டுட்டான்."

எல்லோரும் சிரித்தோம். பேவஃபா — காதலில் துரோகம் செய்தவன்! வெங்காய வியாபாரிக்கு அதைவிடப் பொருத்தமான பட்டம் உண்டா?

சிரிப்பு அடங்கியதும் எஸ்தர் சொன்னார்: "எங்க ஒத்த ரூம் கோலில கேக்கும்போது பாட்டு பக்கத்துலயே இருக்கும். நாலு சுவரும் கைக்கெட்டுற தூரம்லா... இங்க ஹால் பெருசு. கொஞ்சம் தள்ளி நின்னு பாடுதாப்புல இருக்கு."

குறையாகச் சொல்லவில்லை. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போன தாய், 'கொஞ்சம் மெலிஞ்சிருக்கான்' என்று சொல்வாரே, அந்தக் குரல்.

அன்று மாடிப்படியில் சிகாமணி என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. வித்துட்டேன்னு சொல்ல வாய் வரல. சால் வீட்டைக் காலி பண்ணுத அன்னைக்கு அவ ஒண்ணுக்கும் அழல. பாத்திரம் போச்சு, பீரோ போச்சு... 'பெட்டி எங்க'ன்னு மட்டும் கேட்டா. என்னத்தச் சொல்ல?"

"வீடு கிடைச்சதும் வந்து எடுத்துக்கோங்க" என்றேன். என் வாயா சொன்னது? எனக்கே ஆச்சரியம்.

அதற்குப் பிறகு சிகாமணி வருவது நின்றுபோனது.

போன் செய்தால், "வாரேன் அண்ணாச்சி, யூனிட்ல வேலை" என்பார். வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு லலிதா பழக்கதோஷத்தில் ஒரு டம்ளர் சாயா கூடப் போட்டுவிடுவாள். நான் பாட்டைப் போடுவேன். பெட்டி நன்றாகத்தான் பாடியது. ஆனால் கூட உட்கார்ந்து 'ஆகா' சொல்ல ஆள் இல்லாத பாட்டு எப்படி இருக்கும், சொல்லுங்கள்?

ஆளையே பார்த்துவிடலாம் என்று ஒருநாள் டிரான்சிட் கேம்புக்குப் போனேன். வாசலிலேயே நின்று பேசினார்.

"வந்து பாத்துட்டுத் திரும்பிப் போறதுதான் கஷ்டமா இருக்கு அண்ணாச்சி" என்றார். "அன்னைக்கு பஸ் ஏறினதும் எஸ்தர் பேசவே இல்ல. தாராவி வார வரைக்கும் ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தா."

நான் இருபத்தைந்து வயதில் எதற்காகக் கடை வாசலில் நின்றேனோ, அதற்காகத்தான் எஸ்தர் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். என்ன, எனக்கு அது கிடைக்காத பொருள். அவருக்குக் கிடைத்துக் கைவிட்டுப் போன பொருள். எது அதிகம் வலிக்கும்? எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இடையில் ஒரு சோதனை. பவாயிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பழைய ஆடியோ பெட்டிகள் சேர்ப்பவராம். என் பெட்டிக்குப் பதிலாக அதைவிடப் பல மடங்கு உயர்ந்த செட் ஒன்றைத் தருகிறேன் என்றார். போட்டோவும் காட்டினார். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. 'சரி' என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது.

சமையலறையிலிருந்து லலிதாவின் குரல்: "அது எங்களோடது இல்லைன்னு சொல்லுங்க."

சொன்னேன். சொன்ன பிறகுதான் அது உண்மையாகிவிட்டது என்று தெரிந்தது.

பில்டிங் என்னமோ இழுத்துக்கொண்டே போனது. நின்றது, மறுபடி எழும்பியது. கடைசியில் போன வாரம் சிகாமணியின் போன். "அண்ணாச்சி, சாவி குடுத்துட்டான்! பதினொண்ணாவது மாலா!" மாலா என்றால் மாடி.

அப்படித்தான் ஞாயிறு காலை டாக்ஸி வந்தது. எஸ்தர் லிஃப்டில் இறங்கிய பிறகு, சிகாமணி என் சட்டைப்பையில் ஒரு பணக் கவரைத் திணித்தார். மறுக்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் வாங்கிக்கொண்டேன். மறுத்திருந்தால் அவர் அந்தப் பெட்டியை நிம்மதியாகக் கேட்டிருக்க மாட்டார்.

அன்று மாலையே அவர்கள் வீட்டு ஜெபத்துக்குப் போனோம். பெயின்ட் வாசனை போகாத சின்ன வீடு. கட்டில் வருவதற்கு முன்பே பெட்டி வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தது. ஜெபம் முடிந்து, எல்லோரும் சாப்பிட்டு, வந்தவர்கள் போன பிறகு சிகாமணி ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு. மௌனம். எஸ்தர் கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் அசையாமல் நின்றார்.

'டக்.'

பாட்டு வந்தது. என்ன சொல்ல... என் ஹாலில் இத்தனை வருஷம் நான் கேட்டது பாதிதான் போலிருக்கிறது. எஸ்தர் கரண்டியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, பெட்டியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். சிகாமணி அவரைப் பார்த்தார். நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டது இருவருக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் லலிதா மெதுவாக ஆரம்பித்தாள்.

"எஸ்தர் கிச்சன்ல என்கிட்ட ஒண்ணு சொன்னா. பெட்டியை அவர் வித்துட்டது அவளுக்கு மொதல் நாளே தெரியுமாம்."

"என்னது? அப்புறம் எதுக்கு அன்னைக்கு வந்து நன்றி சொன்னாங்க?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'காசு குடுத்து வாங்குன பொருள்னா அண்ணாச்சி யாருக்கு வேணும்னாலும் வித்துருவாங்க மதினி. பத்திரமா வச்சிருக்கியளேன்னு நன்றி சொல்லிட்டா, அப்புறம் எப்படி விப்பாங்க?'ன்னு சொன்னா."

 பவாய் இளைஞர் ஞாபகத்துக்கு வந்தார்.

"சிகாமணிக்குத் தெரியுமா, இவங்களுக்குத் தெரியும்கிறது?"

"தெரியாது. தெரிய வேண்டாம்னு சொல்லியிருக்கா. அவர் அவளுக்காகச் சொன்ன பொய் அது, அப்படியே இருக்கட்டும்னா. நீங்க வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

சும்மா இருக்கிறேன். எங்கள் ஹாலும் சும்மாதான் இருக்கிறது. மகன் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் அனுப்பியிருக்கிறான். தொட்டவுடன் பாடுகிறது. ஒரு நொடிகூடக் காத்திருக்க விடுவதில்லை. நேற்று அதை ஆன் செய்துவிட்டு, பாட்டு ஓடத் தொடங்கிய பிறகும் எதற்கோ காத்துக்கொண்டிருந்தேன்...

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்பீர்கள். சிகாமணி படித்தது முனிசிபல் இந்திப் பள்ளியில், தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் தயவுசெய்து வாசித்துக் காட்டிவிடாதீர்கள்!