பஜ்ஜிக்காகத் திக்கியவர்கள்

எனக்குக் 'கா' வராது, வீடோ காட்டூரில். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி கண்டக்டர் முகத்தைப் பார்த்ததும் தொண்டை பூட்டிக்கொள்ளும். அதையும் தாண்டியிருக்கும் திருவெறும்பூருக்கு டிக்கெட் எடுத்து, வழியில் என் ஊரிலேயே இறங்கிக்கொள்வேன். வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகியும் இதே கூத்துதான்.

அப்போது தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாதா கோயிலில் நடக்கும் கல்யாணத் திருப்பலியில் பைபிளிலிருந்து முதல் வாசகத்தை அண்ணன்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஊர் முன்னால் வாய் அடைத்து அவள் கல்யாணத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று எனக்கு உதறல்.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களிடம் போகாமல் இல்லை. அவர்கள் மூச்சு விடாமல் பேசிவிட்டு, "பதட்டப்படாதீங்க தம்பி" என்பார்கள். எரிச்சல்தான் மிஞ்சும். கடைசியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு பேன்சி கடை மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் அங்கே கூடும் ஏழு பேருக்கும் திக்குவாய், கடைக்கார அக்கா உட்பட. பாடம் எடுக்க ஆள் கிடையாது. ஒரே ஒரு வழக்கம்தான்: எல்லோரும் சத்திரம் போய், அவரவருக்கு வராத எழுத்தில் தொடங்கி முன்பின் தெரியாத ஒருவரிடம் எதையாவது கேட்க வேண்டும். அதிக நேரம் திக்கியவருக்கு மற்றவர்கள் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும்.

பஜ்ஜி எனக்குத்தான் என்ற தெம்போடு ஒரு பூக்காரரிடம் போய், "காட்டூர் பஸ் எங்க நிக்கும்?" என்றேன். கடகடவென்று வந்துவிட்டது! பாழாய்ப் போன வாய், வேண்டும்போது திக்கவில்லை.

"என்ன தம்பி, இ... இப்படிக் கவுத்துட்டீங்க?" என்றார் அக்கா. வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த வாரம் அருமையாகத் திக்கி மூன்று பஜ்ஜி தின்றேன். திக்கியதற்குக் கைதட்டல் வாங்கியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

கல்யாணத்தன்று முதல் சொல்லிலேயே பூட்டு விழுந்தது. கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது வரிசையில் எங்கள் ஞாயிறு கூட்டத்தோடு உட்கார்ந்திருந்த கடைக்கார அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பிரமாதம் என்பதுபோலத் தலையாட்டினார். மைக்கிலேயே சிரித்துவிட்டேன். பிறகு ஐந்து இடத்தில் திக்கி, முழுவதையும் படித்து முடித்தேன். தங்கை முக்காட்டுக்குள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பந்தியில் எங்கள் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைக் கூத்துகளைச் சொல்லி ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தது. எதிர் இலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா, துறையூரில் வியாபாரி. காலையிலிருந்து அவரை எது கேட்டாலும் அவர் மனைவிதான் பதில் சொன்னார்.

"த... த... தம்பி," என்று அவர் ஆரம்பித்தார். அந்த அம்மா வழக்கம்போல வாயைத் திறந்தார். பெரியப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பிரியாணி ஆறியது. நாங்கள் எட்டுப் பேரும் அவசரமில்லாமல் காத்திருந்தோம்.

"ஞா... ஞாயித்துக்கிழமை நா... நானும் வரலாமா?"

"வாங்க, பஜ்ஜி உங்களுக்குத்தான்," என்றேன். இந்தத் தடவை வாய் திக்கவில்லை. அந்த அம்மா, இலையை மறந்து, கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.