அண்ணன் மறைத்த தேயிலைச் செடிகள்

எங்கள் அண்ணன் அவர்கள் இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை அவர் கையில் கொடுத்திருந்தால், "சும்மாவா குடுக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரித்திருப்பார். கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

அண்ணன் பிறந்தது திருச்சி ஜில்லாவில், முசிறிக்குப் பக்கத்தில். சிறு வயதில் கடல் கடந்து இலங்கைக்கு வந்தவரை, வேலை வாங்கித் தருவதாக அழைத்து வந்தவன் ஹட்டன் ஸ்டேஷனில் நிற்க வைத்துவிட்டுப் பெட்டியோடு மறைந்துபோனான். மனிதர்மேல் இருந்த நம்பிக்கையும் அந்தப் பெட்டியோடு போயிற்று. கடைச் சிப்பந்தியாக உழைத்து, பின்னாளில் வலப்பனைக் கடைத்தெருவில் சொந்தக் கடை வைத்தார். கொஞ்சம் தேயிலைக் காணியும் வாங்கினார். ஊரிலிருந்து என்னை வரவழைத்துப் படிக்க வைத்தவரும் அவர்தான். சரக்கு மூட்டைகளை மறுபடி நிறுத்துப் பார்க்காமல் வண்டிக்காரரை விடமாட்டார்; அண்ணி கையால் சாப்பிட வைக்காமலும் விடமாட்டார்.

தேயிலை விலை விழுந்த காலத்தில் சர்க்கார் விற்பனைக்கு அளவு வைத்து, அதற்குக் கூப்பன் கொடுக்கத் தொடங்கியது. காணியில் உள்ள தேயிலைக்கு ஏற்ற அளவில் கூப்பன். அது இருந்தால்தான் கொழுந்து விலைபோகும். கூப்பனையே விற்றாலும் காசு கிடைக்கும். செடிகளைப் பார்வையிட ஆள் வருகிறார்கள் என்றதும் அண்ணனுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

"சர்க்காரு சும்மா குடுக்குமாடா? இன்னைக்கு எண்ணுவாங்க, நாளைக்கு வரி போடுவாங்க" என்றார்.

பூசணிக் கொடிகளை வெட்டி இழுத்துப் போட்டுப் பாதிச் செடிகளை மூடினார். வந்த உத்தியோகத்தரிடம், "அதெல்லாம் வேலிங்க" என்று கூசாமல் சொன்னார். அடுத்த காணிக்காரர் முத்துப்பண்டாவுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார். அவர் அண்ணனை நம்பி முக்கால்வாசியை மூடிவிட்டார்.

வரி வரவில்லை. கூப்பன் வந்தது, காட்டிய செடிகளுக்கு மட்டும். முத்துப்பண்டாவின் மிச்சக் கொழுந்தை யாரும் வாங்கவில்லை. ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு காணியை விற்கும் நிலைக்கு வந்தார். ஒருநாள், ஆட்கள் நிறைந்திருந்த கடைக்குள் வந்து கேட்டார்:

"முதலாளி, நீங்க சொல்லித்தானே மறைச்சது? காணியை நீங்க எடுக்கவா அப்பிடிச் சொன்னது?"

அதே காணியை அதற்கு முந்திய வருஷம் அண்ணன் விலைக்குக் கேட்டது எனக்குத் தெரியும். ஒளிப்பானேன், எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது.

மறுநாள் அண்ணன் முத்துப்பண்டாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு, செடிகளைப் பார்வையிட வந்த உத்தியோகத்தரைத் தேடி நுவரெலியாவுக்குப் போனார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஐயா, இவரைப் பொய் சொல்லச் சொன்னது நான்தாங்க. மறுபடி வந்து பாருங்க" என்றார் அண்ணன்.

"அண்டைக்கு வேலி எண்டு சொன்னியள். இண்டைக்குத் தேயிலை எண்டு சொல்லுறியள். எதை நம்புறது?"

"என்னை நம்ப வேணாங்க. செடியை எண்ணுங்க."

"அப்ப உங்கட காணியையும் எண்ணவேணுமோ?"

"என்னோடது நான் சொன்னபடியே இருக்கட்டுங்க."

அவர் அதையும் சந்தேகத்தோடுதான் எழுதிக்கொண்டார். அண்ணன் விடாமல் நடையாய் நடந்தார். கடைசியில் முத்துப்பண்டாவின் தோட்டம் முழுவதற்கும் கூப்பன் கிடைத்தது. காணியும் அவரிடமே நின்றது. அண்ணனின் பாதிச் செடிகள் கூப்பன் இல்லாததால் கொழுந்து பறிக்கப்படாமல் மரமாக வளர்ந்தன.

அண்ணனின் கடைசி நாள்களில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் மாறி மாறி உடனிருந்தவர்களுக்கும், இறுதி ஊர்வலத்தன்று கடைகளை அடைத்து வந்த வியாபாரிகளுக்கும், பாடையை முன்னால் நின்று சுமந்த முத்துப்பண்டாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பகலில் அண்ணன் என்னைக் கேட்டார்: "அன்னைக்கு நீயும் என்னையச் சந்தேகப்பட்டியாடா?"

"இல்லண்ணே" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

அவர் நம்பவில்லை. சந்தேகப்பட்டேன் அண்ணே, என்னை மன்னித்துவிடுங்கள்.