அக்காவும் ஏழாம் நம்பர் அட்டையும்

என் அக்கா இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய துணி ஆலையின் டெலிபோன் அறையில் வேலை பார்த்தவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாருக்கு யார் வேண்டுமோ லைன் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த அறைக்கு இரண்டு சட்டம். அந்தப் பக்கம் வைக்கிற வரைக்கும் நாம் வைக்கக் கூடாது. காதில் விழுந்தது வாய்க்கு வரக் கூடாது. முதலாளி வீட்டுச் சண்டை பூராவும் அவளுக்கு அத்துப்படி. "கொஞ்சம் சொல்லேன்க்கா" என்று நான் கெஞ்சினால், "லைன் பிஸி" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள்.

போன வருடம் ஆலையை மூடிவிட்டார்கள். அறுநூறு குடும்பம். ஆண்கள் வழக்கம்போலக் காலையில் குளித்து, சட்டை மாட்டி, போக இடமில்லாமல் வாசலிலேயே நின்றார்கள். வீட்டுக்கு வீடு தூக்கம் போனது. அந்த நேரம் பார்த்து எங்கள் பிரார்த்தனைக் கூடத்துத் தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. 'மன நிம்மதித் தொலைபேசி.' மனசு சரியில்லாதவர்கள் கூப்பிட்டால் கூடத்திலிருந்து ஆறுதல் சொல்ல வேண்டும்.

அவர் முன்பு சோபா கடையில் விற்பனையாளராக இருந்தவர். "உட்கார்ந்து பாருங்க, எழுந்திருக்கவே மனசு வராது" என்று ஆளை அமுக்குகிற அந்தக் குரலை அப்படியே கடவுள் பக்கம் திருப்பிவிட்டார். முதுகுக்குப் பின்னால் நாங்கள் 'நிம்மதியார்' என்போம். அழுகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார். கண் மட்டும் அடுத்து யார் என்று வரிசையைப் பார்க்கும். கடவுள் என்னை மன்னிக்கட்டும், பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ஃபோனில் படித்துக் காட்டப் பதினோரு அட்டை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டார். ஒன்று, சாவு வீட்டுக்கு. நாலு, வேலை போனவர்களுக்கு. ஏழு, பிள்ளைகள் பிரிந்து போனவர்களுக்கு. எல்லா அட்டையிலும் கீழே சிவப்பு எழுத்தில், 'மருந்து மாத்திரை பேச்சு வேண்டாம். நம்பிக்கைக் குறைவே நோய்.' பக்கத்தில் முட்டை வேகவைக்க வைக்கிற மணி ஒன்று. ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம். முட்டையே அதில் அரைவேக்காடாகத்தான் வரும். அதற்குள் ஒரு மனுஷ மனசு ஆறிவிடுமாம்.

குரல் நன்றாக இருக்கிறதே என்று அக்காவை அங்கே உட்கார வைத்தார். நான் கூடத்தைப் பெருக்கி விரிப்புப் போடுகிறவள். டெலிபோன் அறை, துடைப்பம் வைக்கிற இடத்தை ஒட்டினாற்போல் இருந்தது.

முதல் நாள் பேசியவர் சாயப்பட்டறையில் இருந்தவர். அக்கா நாலாம் நம்பர் அட்டையை எடுத்து, "மாற்றம் என்பது மாறுவேடத்தில் வரும் வரம்" என்று ஒரு வரி படித்தாள். அதோடு நிறுத்தினாள். அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

ஏதோ பதில் வந்தது.

"தூங்கி எத்தனை நாளாச்சு? சும்மா சொல்லுங்க, நான் எங்கயும் போகல."

மணி அடித்தது. அதையும் அட்டைகளையும் தூக்கி இழுப்பறைக்குள் போட்டாள். நாற்பது நிமிடம் கேட்டாள். கடைசியில் அவருக்காகச் சொந்தமாக இரண்டு வரி வேண்டிக்கொண்டாள். பிறகு, "பெரிய ஆஸ்பத்திரியில மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்காங்க, பதினேழாம் நம்பர் அறை. அப்படியே இருங்க, லைன் போட்டுத் தரேன்" என்றாள். பழைய தொழில் புத்தி. யாருக்கு யார் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

எல்லோருக்கும் அப்படித்தான். முதலில் பிரார்த்தனை, அப்புறம் பதினேழாம் நம்பர். "உங்கக்கா ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறாளாமே" என்று கூடத்துப் பெண்கள் என்னைக் குத்துவார்கள். சிரித்துவிட்டுப் பெருக்குவேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மட்டும் அக்கா கதவைச் சாத்திக்கொள்வாள். அப்போது நிம்மதியார் பிரார்த்தனை செய்ய வீடு வீடாகப் போயிருப்பார். கதவு வழியாக அக்கா பேசுவது மட்டும் கேட்கும். "பால்கனியிலயா நிக்கறீங்க? உள்ள வாங்கம்மா. கதவைச் சாத்திட்டு உட்காருங்க... டாக்டர்கிட்ட போனா தெரிஞ்சுடும்னா, தெரிஞ்சா தெரியட்டுமே." யாரென்று கேட்டால், லைன் பிஸி.

ஒரு நாள் சாயப்பட்டறைக்காரர் கூட்டத்தில் எழுந்து, "இந்தக் கூடத்து ஃபோனாலதான் இப்ப நான் தூங்கறேன். வேண்டிக்கவும் வேண்டிக்கறேன், மாத்திரையும் போடறேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நிம்மதியார் முகம் கடுத்தது.

மறுநாள் நேராக டெலிபோன் அறைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தார்.

"என்னம்மா இது, அட்டையில கையே படல போலிருக்கே?"

"கண்ணு பட்டுச்சுங்க. அதுவே போதும்னு வெச்சுட்டேன்."

"என் இடத்துல உட்கார்ந்துட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பறீங்களா?"

"வேண்டிக்கிட்டுத்தான் அனுப்பறேன். டாக்டர் மேல கடவுளுக்கு என்னங்க கோபம்?"

"என் வீட்டையே பாருங்க. பையன் வெளிநாடு போயிட்டான். பதினோராவது மாடிக்குக் குடி மாறினோம். எவ்வளவு மாற்றம்! என் மனைவி ஒரு மாத்திரை தொட்டிருப்பாளா?"

அக்கா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார்.

"சரிங்க. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஒரு ஃபோன் வரும். அதை மட்டும் மூணு நிமிஷத்துல வெக்க வேண்டாம்னு சொல்லுங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

"யாரு அது?"

"யாரா இருந்தா என்னங்க?"

"அவங்களுக்கும் அட்டை இருக்கும்மா" என்று சிரித்தார்.

இதற்கு மேல் எழுதலாமா என்று அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபோன் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க, தெரிஞ்சா தெரியட்டும்" என்றார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை புதிதாக உட்கார்ந்தவள் ஏழாம் நம்பர் அட்டையைப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலப் படித்தாள். மணி அடித்தது. டக்கென்று வைத்துவிட்டு, "பாவம், ஏதோ சொல்ல வந்தாங்க, டைம் முடிஞ்சுடுச்சு" என்றாள். நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னதும் ஈரக் கையோடு செருப்பை மாட்டினாள். "எங்கக்கா?" என்றேன். "வா" என்றாள். அவ்வளவுதான்.

பதினோராவது மாடி. கதவைத் திறந்தது நிம்மதியாரின் மனைவி. வாரா வாரம் முன்வரிசையில் சிரித்த முகமாக உட்கார வைக்கப்படுகிறவர். பின்னால் பால்கனிக் கதவு விரியத் திறந்திருந்தது.

"டெலிபோன்லேர்ந்து வரேம்மா" என்றாள் அக்கா. அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அக்கா இன்னொரு கையால் பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மூன்று பேரும் நின்றபடியே இரண்டு வரி வேண்டிக்கொண்டோம். "கிளம்புங்க. நான் கூட இருக்கேன்" என்றாள்.

அந்த நேரம் அவர்கள் வீட்டு ஃபோன் அடித்தது. நிம்மதியார்தான்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேங்க" என்றார் அந்த அம்மா.

"எதுக்கு?"

"தூங்கறதுக்கு."

அவ்வளவுதான், அந்தப் பக்கம் பிரசங்கம் ஆரம்பித்தது. மாறுவேடம், வரம், நம்பிக்கைக் குறைவு, நாலு பேர் என்ன நினைப்பார்கள். அந்த அம்மா ரிசீவரை அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வைக்கவில்லை. அந்தப் பக்கம் வைக்கிற வரைக்கும் நாம் வைக்கக் கூடாதே. அவர் முன்பு வேலை பார்த்த கடையிலிருந்து வந்த பெரிய சோபாவில், ரிசீவரை மெத்தையில் சாய்த்து, பதவிசாகப் படுக்க வைத்தாள்.

நாங்கள் லிஃப்டுக்கு நடந்தோம். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.