செத்துப்போனவளுக்கு ஒரு முன்னுரை

நான் செத்துப்போன செய்தி எனக்கே ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என்னைச் சாகடித்தது யார் என்று உங்களுக்கு விளங்காது.

அப்போது ஊருக்குள் இன்டர்நெட் வந்த புதிது. கணபதியில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே என் வீட்டுக்காரரின் பம்ப் பட்டறை. பில் போடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார். மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போனதும் நான் இறங்கிப் போய் அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். மோடம் கீச்சிட்டு, கனைத்து, காறி, ஒருவழியாக லைன் பிடிக்கும். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், பட்டறைக்கு வேறு யாரும் போன் செய்ய முடியாது.

"தாராபுரத்துக்காரரு ஆர்டர் சொல்லக் கூப்புட்டு லைனே கெடைக்கலீங்கறாரு. அதுல அப்படி என்னத்த அம்மணி எழுதற?" என்பார் என் வீட்டுக்காரர்.

"கதைங்க."

"செரி, எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். என்ன கதை என்று கேட்டதில்லை. அவருக்கு வாசிப்பு என்றால் டெண்டர் நோட்டீஸ்தான்.

அமெரிக்கா, துபாய், மலேசியா, சென்னை, கோயமுத்தூர் என்று சிதறிக் கிடந்த தமிழ் எழுத்தாளர்கள் ஈமெயில் வழியாகக் கூடிய குழு எங்களுடையது. எழுத்தாளர்கள் என்று நாங்களேதான் எங்களைச் சொல்லிக்கொண்டோம், வேறு யாரும் சொல்லவில்லை. ஒருவர் கதை எழுதி எல்லோருக்கும் அனுப்புவார். மறுநாள் 'அருமை' என்று பதில் வரும். நான் உன் கதைக்கு ஒரு அருமை போட்டால் நீ என் கதைக்கு ஒன்று போட வேண்டும், கல்யாண மொய் மாதிரி. போடாதவர் கதை வரும்போது நாங்களும் ஊருக்குப் போய்விடுவோம்.

போதாததற்கு எழுத்துரு ரகளை. ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். அனுப்பியவரின் எழுத்துரு நம் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் கவிதை வெறும் கோழிக் கிறுக்கலாகத்தான் தெரியும். அதனால் நல்ல மனசுக்காரர்கள் கவிதையோடு எழுத்துருவையும் சேர்த்தே அனுப்பினார்கள். கவிதை நாலு வரி இருக்கும், பின்னால் தொங்கும் எழுத்துரு ஆனை கனம் இருக்கும்.

இவ்வளவு கேலி பேசினாலும் அவர்களை எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் சொந்தபந்தத்தில் ஒரு விசேஷத்துக்குப் போனால் போர்வெல் எத்தனை அடி போனது, யார் பெண்ணுக்கு எத்தனை பவுன் என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது. ஒரு கதையை எங்கே முடிப்பது என்று ராப்பகலாகச் சண்டை போட எனக்கு வேறு யார் இருந்தார்கள்? மலேசியாவில் ஒரு தோழி இருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். அவள் ஒருத்திதான் 'இந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே' என்று எழுதுவாள். நான் கோபித்துக்கொள்வேன். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

குழுவின் கதைகளைத் தேர்ந்தெடுத்துப் புத்தகமாகப் போடுவது என்று முடிவானது. குழுவை நடத்திய நியூ ஜெர்சி சாஃப்ட்வேர்காரர், துபாய்க் கவிஞர், பீளமேட்டில் இருந்த ஒரு ரிட்டயர்டு பேராசிரியர் ஆகிய மூவர் தேர்வுக் கமிட்டி. நான் ஒரு கதை கொடுத்தேன். அதுவரை நான் எழுதியதில் அது ஒன்றுதான் எனக்கே திருப்தியாக வந்த கதை. அச்சில் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று கிடந்து தவித்தேன்.

கதை இவ்வளவுதான். ஒருத்தி காலையில் எழுந்து சமைக்கிறாள். புருஷனுக்குப் பரிமாறுகிறாள். அவன் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறான். அவள் சேலை மாற்றிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, டவுன் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். திரும்பி வருவதில்லை. புருஷன் நல்லவன். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான்.

கமிட்டி கொதித்துவிட்டது. ஏன் போனாள்? காரணம் எங்கே? நியூ ஜெர்சிக்காரர் அவளுக்கு மனநோய் கொடுக்கலாம் என்றார். துபாய்க் கவிஞர் பழைய காதலன் ஒருவனை வரவழைக்கலாம் என்றார். பேராசிரியர் புருஷனைக் குடிகாரன் ஆக்கச் சொன்னார், அப்போதுதான் கதைக்குச் சமூகப் பார்வை கிடைக்குமாம். காரணம் கிடையாது, அப்படியே போடுவதானால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்று நானும் விறைத்துக்கொண்டு நின்றேன். வாரக்கணக்கில் இழுபறி.

அந்தச் சமயத்தில்தான் கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். குழுவுக்கு அதையெல்லாம் விவரிக்க முடியுமா? 'நாளை ஒரு சிறு ஆபரேஷன். வந்து பேசுகிறேன்' என்று மட்டும் எழுதிப் போட்டேன். ஆபரேஷன் முடிந்ததும் அம்மா வந்து என்னைச் சத்தியமங்கலத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். குனியாதே, படியேறாதே, குடத்தைத் தொடாதே. அங்கே கம்ப்யூட்டரும் இல்லை. கதையைப் பற்றிய நினைப்போடு படுத்துக் கிடந்தேன்.

உடம்பு தேறிக் கணபதிக்குத் திரும்பிய அன்றைக்கே பட்டறைக்குள் போய் உட்கார்ந்தேன். என் ஈமெயில் பெட்டி அடைத்துக்கொண்டு கிடந்தது. நடந்தது பிறகுதான் புரிந்தது. நான் நலம்பெற வேண்டிக் குழுவினர் கவிதைகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு கவிதையோடும் எழுத்துரு. நாலைந்து நாளில் பெட்டி நிறைந்துவிட்டது. அதற்குப் பின் வந்த கடிதங்களையெல்லாம், இவர் பெட்டியில் இடமில்லை, இவர் எதையும் எடுத்துப் படிக்கவில்லை என்று கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பியிருக்கிறது.

குழுவின் கடிதங்கள் அத்தனையும் இணையத்தில் ஒரு பக்கத்தில் சேர்ந்துகொண்டே வரும். அதைத் திறந்து படித்தேன். முதலில் நியூ ஜெர்சிக்காரர் கவலையாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். துபாய்க் கவிஞர் 'எங்கே போனாய் சகோதரி' என்று ஒரு கவிதை போட்டிருந்தார். கவிதையில் கண்ணீர் வந்ததால் அடுத்தவர் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். அனுதாபம் வந்துவிட்டதால் அதற்கடுத்தவர் அஞ்சலிக் கட்டுரையே எழுதிவிட்டார். யார் சொன்னது, எப்போது நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மலேசியத் தோழி மட்டும், 'அவளுக்கு என்மேல் ஏதோ கோபம், அதனால்தான் எழுதாமல் இருக்கிறாள் என்றே நினைத்துக்கொள்கிறேன்' என்று ஒரு வரி போட்டிருந்தாள். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மற்றவை வேறு ரகம். வறண்ட பூமியின் வேதனையை எழுதியவர் என்று ஒருவர் என்னைப் புகழ்ந்திருந்தார். நான் எழுதியதெல்லாம் பட்டறையும் மில்லும் டவுன் பஸ்ஸும்தான். 'தம்பி என்று அவர் கூப்பிட்ட குரல் காதில் ஒலிக்கிறது' என்று துபாய்க் கவிஞர் உருகியிருந்தார். அவரும் நானும் பேசியதே கிடையாது. இத்தனை கண்ணீருக்கு நடுவில் என் கதையிலிருந்து ஒரு வரியையாவது யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்களா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

மேலே போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நான் செத்ததை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"பீளமேட்டுல ஒருத்தரு இருக்கறாருன்னியே, அவராச்சும் வந்து எழவு கேட்டாரா?"

"இல்லீங்க. கட்டுரை எழுதியிருக்கறாருங்க."

"நம்ம பக்கம் பேச்சுவார்த்தையில்லாத பங்காளிகூட எழவுன்னா வந்து நின்னுபோட்டுத்தான் போவான். பீளமேட்டுல இருந்து கணபதிக்கு பஸ்ஸா இல்ல? ஊட்டுல உக்காந்துட்டே அழுதுபோட்டாங்களா?"

அவருக்கு அது பொறுக்கவே இல்லை. ஆனால் நான் அடுத்துச் சொன்ன விஷயத்தைக் கேட்டு யோசித்தார். கடைசியாக வந்திருந்த கடிதத்தில் கமிட்டி அறிவித்திருந்தது: மறைந்த சகோதரியின் கதையே புத்தகத்தின் முதல் கதை. அவர் விருப்பப்படி ஒரு எழுத்தும் மாற்றாமல் வெளியாகும்.

"அப்பொறம் என்ன? பொஸ்தகம் வர்ற வரைக்கும் செத்தவளாவே இருந்துக்க அம்மணி. வந்தப்பொறம் பொழச்சுக்கலாம்" என்றார்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. பட்டறை வைத்து நடத்துகிறவர் மூளையே தனி. தோழிக்கு மட்டும் ஒரு வரி தட்டிவிட்டு, வாயை மூடு என்றும் சொல்லிவைத்தேன். அவள் மலேசியாவிலிருந்து போன் போட்டு, அழுதுவிட்டு வைத்துவிட்டாள். அதன்பின் தினமும் திருட்டுத்தனமாகக் குழுவின் பக்கத்தைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். செத்தவளாக இருப்பதில் ஒரு சுகமும் இருந்தது. யாருக்கும் அருமை போட வேண்டியதில்லை.

பேராசிரியரின் முன்னுரை வந்துதான் கெடுத்தது. எல்லோர் பார்வைக்கும் என்று அதைக் குழுவில் போட்டிருந்தார். அதில் என் கதையைப் பற்றி ஒரு பத்தி. 'குடிகாரக் கணவனின் கொடுமை தாளாமல் வீட்டை விட்டு வெளியேறும் ஒரு பேதைப் பெண்ணின் கண்ணீர்க் கதை.'

செத்தவளாக நான் எத்தனையோ பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்காரரைக்கூடக் கேட்காமல் தட்டச்சு செய்து அனுப்பினேன்: 'நான் சாகவில்லை. கதையில் அவன் குடிக்கவும் இல்லை. இரண்டையும் திருத்தவும்.'

முதல் நாள் குழுவெங்கும் ஆனந்தக் கண்ணீர். மறுநாளே சுருதி இறங்கிவிட்டது. உயிரோடு இருப்பவர்கள் அதை உரிய நேரத்தில் தெரிவிப்பது பண்பு என்று பேராசிரியர் எழுதினார். துபாய்க் கவிஞர் தனியாக ஒரு கடிதம் போட்டார். என்மேல் அவர் பாடிய இரங்கல் கவிதையை ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டிருக்கிறதாம். அது வெளியாகும் வரை நான் பிழைத்த விஷயத்தைக் கொஞ்சம் பரப்பாமல் இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

நியூ ஜெர்சிக்காரர்தான் விஷயத்துக்கு வந்தார். 'நீங்கள் இல்லாததால் முடிவைப் பற்றிக் கேட்க ஆளில்லாமல் அப்படியே விட்டிருந்தோம். இப்போது நீங்கள் இருப்பதால் மீண்டும் விவாதிக்கலாம்.' விவாதிக்க ஒன்றுமில்லை, ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது என்று பதில் போட்டேன். அதற்கு எந்தப் பதிலும் வரவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

புத்தகம் தபாலில் வந்தது. என் கதை முதலில் இல்லை, நடுவில் எங்கோ கிடந்தது. கடைசிப் பத்தியில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது. 'சாராய நெடி வீசும் அந்த வீட்டை அவள் கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.' கேட்டு எழுதினால் கமிட்டி பணிவாக விளக்கம் தந்தது. 'முன்னுரையும் கதையும் பொருந்தவில்லை என்று சுட்டிக்காட்டியதே நீங்கள்தான். முன்னுரை அச்சுக்குப் போய்விட்டதால் கதையைத் திருத்திப் பொருத்திவிட்டோம். ஒரு வரிதானே?' நான் செத்தே கிடந்திருந்தால் கதை பிழைத்திருக்கும்.

நான் அந்தப் புத்தகத்தை யாருக்கும் காட்டவில்லை. ஆனால் பேராசிரியர் ஊரெல்லாம் கொடுத்திருந்தார். அன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த என் சித்தப்பா, ஊரில் வாத்தியார், இலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங் மாப்ள, நீங்க அதெல்லாம் தொடமாட்டீங்கன்னுதானுங்க இத்தன நாளா நெனச்சுட்டிருந்தோம். அம்மணி எழுதறளவுக்கு வந்துபோச்சுங்களே?"

ஒரு பொம்பளை எழுதினால் எங்கள் சனத்துக்கு அது கதை இல்லை, போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கும் புகார். காபிகூட ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் குடிக்காத மனிதர் என் வீட்டுக்காரர். முகம் கறுத்துப்போய் எழுந்து கை கழுவப் போனார். எனக்கு வெட்கத்திலும் ஆத்திரத்திலும் உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு. "அந்தப் பொஸ்தகத்தக் குடு" என்று வாங்கிக்கொண்டு கீழே போனார். நானும் பின்னாலேயே போய் நின்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் எழுத்தை அவர் படிப்பது அதுதான் முதல் தடவை. சாராய வரியைக் காட்டி, அது நான் எழுதியது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"இவன் குடிக்காட்டியும் இவ போயிருப்பா அம்மணி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிச் சொல்றீங்க?"

"அவ சோத்தப் போடறா. இவன் தின்னுபோட்டு எந்திரிச்சுப் போறான். நீ தின்னயான்னு ஒரு வார்த்த கேக்கவே இல்லியே."

எத்தனை வாரம் சண்டை போட்டும் கமிட்டியில் ஒருவர் கண்ணிலும் படாதது அது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னபோது எனக்குப் பயம்தான் வந்தது. அது எந்த வீட்டுச் சாப்பாடு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர், "நீ தின்னுட்டியா அம்மணி?" என்றார். கொஞ்சம் பயந்த குரல். மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். தட்டைத் தொடுவதற்கு முன்னால் கேட்பார், நான் பதில் சொன்ன பிறகுதான் கை வைப்பார். பிறகு கோடை வந்துவிட்டது. கிணறுகளில் தண்ணீர் இறங்க இறங்க பட்டறையில் ஆர்டர் குவிந்தது. வந்து உட்காருவார், அவசரமாகச் சாப்பிடுவார், எழுந்து ஓடுவார். கேட்பது நின்றுபோனது அவருக்குத் தெரியவே இல்லை.