நான்காம் நாள் பூ

எங்கள் நர்சரியில் அல்லிகள் விரிய காலை பத்து மணியாகும். அதற்கு முன்பு எல்லாம் ஒன்றுபோலக் கூம்பித்தான் இருக்கும். இன்னும் விரியப்போகிற பூ எது, முடிந்துபோன பூ எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். விரலால் பிடித்துப் பார்க்க வேண்டும். உயிருள்ள பூ இறுக்கமாக இருக்கும். மூன்று நான்கு நாள் விரிந்து முடிந்த பூ பஞ்சுபோல அமுங்கும். அவற்றை வெட்டி வாளியில் போடுவதுதான் என் முதல் வேலை. விட்டால் அழுகித் தண்ணீர் நாறும்.

நான் இருக்கும் செவன் கிங்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி, லண்டனின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நர்சரிக்குப் போக வேண்டும். இந்த வேலைக்கு முன்பு பதினெட்டு வருடம் ஒரு லோண்டரியில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடித்தேன். அதை மூடியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நர்சரி நடத்தும் ஆங்கிலேயப் பெண்மணி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: நீந்தத் தெரியுமா? தெரியாது என்றேன். "குளம் இடுப்பளவுதான்" என்று சொல்லி, மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். அதுதான் இன்டர்வியூ.

கோடையில் ஓவியர்களையும் புகைப்படக்காரர்களையும் உள்ளே விடுவோம். புகைப்படக்காரர்கள் ஈரப் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா?" என்று என்னைக் கேட்பார்கள். ஓவியர்கள் எதுவும் கேட்கமாட்டார்கள். நான் பக்கத்தில் நிற்பதே சிலருக்குத் தெரியாது.

அந்த ஓவியர்களில் ஒரு தமிழரும் இருந்தார். முப்பது வருடம் லண்டன் பஸ் ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துவிட்டது. இடது கையைப் பழக்குவதற்காக ஆஸ்பத்திரியில் ஒரு பிரஷ் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி முடிந்த பிறகும் அவர் பிரஷ்ஷை விடவில்லை. மனைவி காரில் கூட்டிவந்து, மடக்குக் கதிரையை விரித்துக் கொடுத்துவிட்டு, பிளாஸ்க்கோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் அவரை அண்ணை என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன்.

ஒரு ஜூலையில் அவர் மூன்று நாள் தொடர்ந்து வந்தார். கரையோரம் இருந்த ஒரே ஒரு மஞ்சள் அல்லியைத்தான் வரைந்தார். இடது கை மெதுவாகத்தான் போகும். ஒரு இதழுக்கு ஒரு மணி நேரம் எடுக்கும். நான்காம் நாள் காலை நான் வேகமாக வெட்டிக்கொண்டு போனேன். அவர் கதிரை போடும் இடத்துக்கு வந்தபோதுதான் நின்றேன். தண்ணீரில் இலை மட்டும் கிடந்தது. வாளியைப் பார்த்தேன். மஞ்சள் பூ மேலேயே இருந்தது.

அவர்கள் வந்ததும் எதையாவது சொல்லித் தப்பலாம் என்று நினைத்தது உண்மை. அவர் ஊன்றுகோலோடு நடந்து வருவதைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

"அண்ணை, உங்கட பூவை நான்தான் வெட்டிப்போட்டன். பாக்காமல் வெட்டிப்போட்டன்."

அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பூவை எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"நாலாம் நாள் பூ தங்கச்சி. நீர் வெட்டாட்டிலும் இண்டைக்குத் தண்ணிக்குள்ள தாண்டுதான் போயிருக்கும்" என்றார். குரல் என்னவோ சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கதிரையில் உட்கார்ந்தவர் பெட்டியைத் திறக்கவில்லை.

"இன்னும் ரெண்டு இதழ்தான் மிச்சம் எண்டவர்" என்று அக்கா மெல்லச் சொன்னார்.

எங்கள் அல்லிகள் எல்லாம் கூடைகளில்தான் நட்டிருக்கும். கூடை குளத்தின் அடியில் உட்கார்ந்திருக்கும். அதே இனத்தில் ஒரு கூடை நடுக்குளத்தில் இருந்தது. அன்று விரியக்கூடிய இரண்டு மொட்டுகளும் இருந்தன. அதைக் கரைக்குக் கொண்டுவரலாம் என்று இறங்கினேன். ஈர மண்ணோடு அந்தக் கூடை அசையவே இல்லை. பலமாக இழுத்தேன். முதலாளி அம்மா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார். கேட்காமல் கை வைத்ததற்கு ஏசப்போகிறார் என்று நினைத்தேன். காரணத்தைச் சொன்னேன். அவர் தானும் இறங்கி மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

இருவரும் இழுத்து வந்து வைத்தோம். அண்ணை கரையிலிருந்து கையைக் காட்டினார். "கொஞ்சம் இடப்பக்கம் திருப்பும். இன்னும். ஓம், காணும், நிப்பாட்டும்."

மொட்டு சரியான இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் குளம் முழுவதும் தேநீர் நிறத்துக்குக் கலங்கிவிட்டது. சேறு அடியில் படிய ஒரு மணி நேரமாவது வேண்டும். புகைப்படக்காரர் ஒருவர் பெருமூச்சு விட்டுவிட்டு வேறு குளத்துக்குப் போனார். அக்கா பிளாஸ்க்கைத் திறந்து எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். ரப்பர் கால்சட்டையோடு புல்லில் உட்கார்ந்து குடித்தோம். ஸ்ட்ரோக் வந்த முதல் வருடம் அண்ணை யாருடனும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை அக்கா சொன்னார். இப்போது மழை பெய்தால்கூட நர்சரிக்குப் போவோம் என்று கரைச்சல் கொடுக்கிறாராம்.

பேசிக்கொண்டிருந்ததில் நாங்கள் அண்ணையைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் பெட்டியைத் திறந்து, புதிய தாள் ஒன்றை வைத்து வரைந்துகொண்டிருந்தார். கை வழக்கத்தைவிட வேகமாகப் போனது.

"என்ன கீறுறியள்? தண்ணி இன்னும் தெளியேல்லையே" என்றார் அக்கா.

"தெளியிறதுக்கு முதல் கீறவேணும். பேசாமல் இரும்" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

மஞ்சள் பூவை மதியத்துக்குப் பிறகு வரைந்து முடித்தார். புதுப் பூவின் இரண்டு இதழ்களைப் பழைய பூவில் சேர்த்திருந்தார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் படம் இப்போது அவர்களுடைய மகள் வீட்டில் இருக்கிறது.

கலங்கிய தண்ணீரை வரைந்ததை அன்றே என்னிடம் கொடுத்துவிட்டார். அதில் பூ இல்லை. பழுப்பு நிறம், அதற்குள் பச்சையாக இரண்டு இலை விளிம்புகள், மேலே வெள்ளையாக ஒரு துண்டு வானம். சேறு சுழன்று இறங்குவது நன்றாகத் தெரிகிறது. எங்கள் ஹாலில் சோபாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள்.

"நான் வேலை செய்யிற குளம்" என்று சொல்லுவேன்.